சித்தப்பாவின் பதினான்கு ஊசிகள்

தொண்ணூறுகளில் நான் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வெறிநாய்க்கடி வைரஸைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் ரயிலேறி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊரான பாறசாலைக்கு வருவேன். ஊரில் எனக்கு ‘நாய் டாக்டர்’ என்று பெயர். பசுவுக்கு வயிறு உப்பினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை, கண்ணாடித் தட்டில் தசை செல் வளர்க்கிறவள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு டிசம்பர் சனிக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தப்பா வயரிங் வேலை செய்பவர். சபையின் கிறிஸ்துமஸ் கரோல் குழுவில் கனத்த கீழ்க்குரல் அவருடையதுதான். கெண்டைக்காலில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்தார்.

“என்ன சித்தப்பா காலுல?”

“ஒண்ணும் இல்ல பிள்ளே. நேத்து காரோடு ஊருல வேலை முடிச்சு வாறப்ப ஒரு நாய் தொட்டுது.”

“தொட்டுதா, கடிச்சுதா? நாய் எங்க?”

“அது எல்லை தாண்டி களியக்காவிளை பக்கம் ஓடிட்டு. இனி அது தமிழ்நாட்டு நாயாக்கும். நம்ம கணக்குல வராது.”

நான் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயடியில் உட்காரவைத்து, காப்பித்தூள் போகக் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டு பல் ஆழமாகவே இறங்கியிருந்தது. துணி துவைக்கிற மாதிரி தேய்க்கிறாளே என்று அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி முறையிட்டார்.

கையைத் துடைத்துவிட்டு ஊசிக்குக் கிளம்பச் சொன்னேன். அந்தக் காலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஊசி என்றதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. பயம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. எதற்கு என்று விளக்கு, கேட்கிறேன் என்றார். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

விளக்கினேன். நரம்பு வந்து தசையைச் சந்திக்கிற இடத்தில், தசையின் மேல் ஒரு புரதம் இருக்கிறது. நரம்பு அனுப்பும் ரசாயனத்தைப் பிடித்துத் தசையை அசையவைப்பது அதன் வேலை. இந்த வைரஸ் ஓர் ஆர்.என்.ஏ. வைரஸ். தன்னுடையதாக அது செய்துகொள்ளத் தெரிந்தது ஐந்தே ஐந்து புரதம். மற்ற எல்லாவற்றுக்கும் நம் செல்லில் உள்ளதைத்தான் எடுத்தாள வேண்டும். அதன் மேலுறைப் புரதம் நம் தசைப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. பிறகு நரம்புக்குள் நுழைந்து மூளையை நோக்கிப் போகிறது.

“நம்ம தசையில உள்ள சாதனம் என்னத்துக்கு அதுக்கு இடம் குடுக்குது?” என்று கேட்டார். என் ஆய்வு வழிகாட்டிகூட அவ்வளவு கூர்மையாகக் கேட்டதில்லை. உற்சாகமாகிவிட்டேன். அது வைரஸுக்காக இருப்பது இல்லை, நமக்காக இருப்பது, வைரஸின் வடிவம் அதில் பொருந்திவிடுகிறது, சில பாம்பு விஷங்களும் அதே இடத்தைத்தான் பிடிக்கும், விஷத்தை முதலில் கொடுத்து வைரஸ் ஒட்டுவது குறைகிறதா என்றுதான் தட்டில் பார்க்கிறேன் என்று கொட்டினேன்.

“அப்ப பாம்பு விஷம் கொஞ்சம் போட்டா போருமே. ஊசி எதுக்கு?”

“அது தட்டுல சித்தப்பா! உங்களுக்குப் போட்டா மூச்சு நிக்கும்!”

“செரி. காலுல இருந்து மண்டைக்குப் போவ எத்தன நாளாவும்?”

“சில வாரம். சில பேருக்கு மாசக்கணக்குல.”

அவர் முகம் தெளிந்தது. “பிறவு நீ எதுக்குக் கெடந்து துள்ளுதே? கிறிஸ்துமஸ் கழியட்டும். வயித்துல குத்திட்டு நான் எப்படி மக்கா தம் புடிச்சுப் பாடுவேன்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திரத்தில். புரியாதவர் என்றால் மன்னித்திருப்பேன். எல்லாம் புரிந்துகொண்டு, புரிந்ததையே சாக்காக்கிவிட்டார். கத்தினேன். மூச்சு முட்டி, தண்ணீர் குடிக்கவும் முடியாமல் சாவீர்கள் என்றேன். கடித்த மறுநாளே இப்படிச் சாபம் போடாதே என்று அவரும் கத்தினார்.

அதுவரை முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த சித்தி கேட்டாள்: “அது நரம்புல ஏறின பிறவு ஊசி கேக்குமா?”

“நம்ப முடியாது சித்தி.”

“எப்ப ஏறும்?”

“தெரியாது.”

“உனக்குமா தெரியாது?”

“யாருக்கும் தெரியாது. இன்னைக்கே ஏறலாம்.”

சித்தி மீன் சட்டியை மூடினாள். கைகழுவி, சேலை மாற்றி, குடையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள். “எழும்புங்க” என்றாள். அவ்வளவுதான். சித்தப்பா சட்டையைத் தேடினார். ஒரு மணி நேரமாக நான் தொண்டை கிழிய நடத்திய பாடம் நகர்த்தாத மனிதனை, எனக்குத் தெரியாது என்ற ஒரு பதில் நகர்த்தியது.

பதினான்கு நாளும் சித்தி கூடவே போனாள். சித்தப்பா வயிறு வீங்கி, கரோலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடினார். குரல் எப்போதும்போல் கணீரென்றுதான் இருந்தது. அவருக்கு எதுவும் வரவில்லை. அந்த நாய்க்கு வெறி இருந்ததா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவரவில்லை.

அடுத்த வருடம் கரோல் குழுவில் ஒருவரை நாய் கடித்தபோது, சித்தப்பாவே அவரைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் பாடம். தசையில் பதினான்கு புரதம் உண்டாம், ஒவ்வொரு ஊசியும் ஒவ்வொன்றை அடைக்குமாம், என் மனைவியின் அக்கா மகள் கண்டுபிடித்ததாக்கும் என்று. சந்திப்பில் எதிரே வந்த நான் திருத்த வாயெடுத்தேன். சைக்கிள் நிற்காமல் போய்விட்டது.