கடைசி வரி தெரிகிற புரொஜெக்டர்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் பவர் அக்கா. மூக்குக் கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருஷமாக லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவள். கல்யாண வீடானாலும் பஸ் ஸ்டாப்பானாலும், எதிரே வருகிறவர் கண்ணாடி போட்டிருந்தால் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பதற்கு முன்னால் "உங்க பவர் எவ்வளவு?" என்று கேட்டுவிடுவாள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவள் கணவர் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் பிரஸ் மிஷின் ஓட்டியவர். இருபத்தாறு வருஷ இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. காது மிஷினை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தால், நிதானமாகப் பேசுவது புரியும். தியேட்டரில் அந்த மிஷினால் உபத்திரவம்தான். வசனம், பாட்டு, சண்டை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மண்டையில் இடிக்கும். வாரம் தவறாமல் படம் பார்த்த மனிதர் மூன்று வருஷமாகத் தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை. கேட்டால், "இப்பல்லாம் என்ன படம் எடுக்கறாங்க?" என்பார். அது சாக்கு என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

வீட்டு டிவியில் வசனத்தை எழுத்தாகப் போட்டுக் காட்டினாள். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

"எழுத்து எறும்பு மாதிரி ஓடுது. அதைப் படிக்கறதுக்குள்ள முகம் போயிடுது. முகத்தைப் பாத்தா எழுத்து போயிடுது. அதுவும் தனியா உக்காந்து... பரீட்சைக்குப் படிக்கற மாதிரி இருக்கு. நாலு பேரோட பாத்தாதான்மா சினிமா."

அடுத்த வாரம் கடையில் ஒரு வாடிக்கையாளருக்குப் புது ஃப்ரேமைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனில் யாரிடமோ, நேற்று தோட்டத்தில் துணி கட்டிப் படம் போட்டோம், பதினைந்து பேர் பார்த்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பவர் அக்காவின் கை நின்றுவிட்டது. கண்ணாடி அவருடைய ஒரு காதில் மட்டும் தொங்கியது.

"சார், தோட்டத்துலயா? எதுல போட்டீங்க?"

"கையில தூக்கற புரொஜெக்டர்மா. டிஃபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். பேட்டரியிலயே ஓடும்."

"எழுத்து எவ்வளவு பெருசாத் தெரியும்?"

"எந்த எழுத்து?" என்றார் அவர். பிறகு, "மொதல்ல இந்தக் கண்ணாடியை மாட்டி விடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் பின்னால் நான்கு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சின்னத் தோட்டம் உண்டு. செருப்பைக்கூடக் கழற்றாமல் இஞ்ச் டேப்போடு அங்கே போய்விட்டாள். எலுமிச்சை மரத்திலிருந்து துணி காயப்போடும் கொடிவரை பதினோரு அடி. கூடத்தில் அளந்தால் எட்டு அடிகூடத் தேறாது. தள்ளி வைத்தால்தானே எழுத்து பெரிதாக விழும்? அப்படியானால் தோட்டம்தான்.

பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்க்கும் மகள் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். மகள் உடனே போனை எடுத்தாள்.

"இதோ பாரும்மா, அஞ்சு ஸ்டார். ஆர்டர் பண்ணிடட்டுமா?"

"ஸ்டார் போட்டவனுக்குக் கண் பவர் என்னன்னு உனக்குத் தெரியுமா?"

மகள் போனைக் கீழே வைத்தாள்.

சனிக்கிழமை தாயும் மகளும் புரொஜெக்டர் விற்கும் கடைக்குப் போனார்கள். கணவரிடம் மூச்சு விடவில்லை. விற்பனையாளர், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வாய் நிறையச் சிரிப்போடு வந்தார். முதல் பெட்டி கையடக்கமாக, பார்த்தாலே கொஞ்சத் தோன்றுகிற மாதிரி இருந்தது. "சவுண்ட் கேட்டுப் பாருங்க மேடம், தியேட்டரே தோத்துடும்" என்றார்.

"சவுண்டை விடுங்க. என் போன்ல ஒரு படம் இருக்கு. அதைச் சுவர்ல போடுங்க."

போட்டார். சுவரில் வந்து நின்றது அவள் கடையில் மாட்டியிருக்கும் கண் பரிசோதனை அட்டை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். விற்பனையாளரின் சிரிப்பு பாதியில் நின்றது.

பவர் அக்கா பதினோரு அடி தள்ளி நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். "நடுவுல நல்லாத்தான் இருக்கு. ஓரத்துல மங்குது பாருங்க. வசனம் கீழே ஓரத்துலதானே வரும்? பெட்டி மேல பெரிய எண்ணா எழுதியிருக்கே, அது என்ன?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது... அவ்வளவு துல்லியமான படத்தைக் குடுத்தா வாங்கிக்கும்னு அர்த்தம் மேடம். சுவர்ல காட்டறது அதுல பாதிகூட வராது."

"வாங்கிக்கறது இருக்கட்டும். காட்டறது எந்த எண்ணோ அதைச் சொல்லுங்க. அணைச்ச விளக்கையும் போடுங்க."

"விளக்கை அணைச்சாத்தான் நல்லாத் தெரியும்."

"எங்க தோட்டத்துல தெருவிளக்கு இருக்கு. அதை யார் அணைப்பாங்க?"

விளக்கு எரிந்ததும் முதல் பெட்டியின் அட்டையில் பாதி எழுத்து மாயமாகிவிட்டது. முழு வெளிச்சத்தில் வைத்தால் பேட்டரியும் ஒன்றரை மணி நேரம்தானாம். "அப்ப இடைவேளையோட படுத்துக்கும்" என்றாள் மகள். இரண்டாவதில் வெளிச்சம் அள்ளிக்கொண்டு போனது. ஆனால் பேட்டரி கிடையாது, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அதன் விசிறி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கவுன்ட்டர்காரர் திரும்பிப் பார்த்தார்.

இதற்குள் விற்பனையாளருக்கே உற்சாகம் பற்றிக்கொண்டது. உள்ளே ஓடிப்போய் மூன்றாவது பெட்டியைக் கொண்டுவந்தார். பார்க்க லட்சணம் போதாது, செங்கல் மாதிரி இருந்தது. அட்டை சுவரில் விழுந்தது. விளக்கு எரிந்தபடியே இருந்தது. பவர் அக்கா மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தாள். கடைசி வரி. இடது ஓரம், வலது ஓரம், இரண்டும் கத்தியால் நறுக்கிய மாதிரி.

"பேட்டரி?"

"முழு வெளிச்சத்துல ரெண்டரை மணி நேரம். நானே ஓட்டிப் பாத்திருக்கேன்."

"இதான்! இதான்டி!" என்று மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

விற்பனையாளர் மெதுவாக, "மேடம், அந்த அட்டைப் படத்தை எனக்கும் அனுப்ப முடியுமா?" என்று கேட்டார்.

ஞாயிறு சாயங்காலம் கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஏறியது. நான்கு வீட்டு நாற்காலிகளும் தோட்டத்துக்கு வந்தன. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, மீட்டிங்கா?" என்றார். அவள் அவர் முகத்துக்கு நேரே நின்று, "சினிமா. உங்களுக்கு முன் வரிசை" என்றாள்.

படம் ஆரம்பித்ததும் காற்று கிளம்பியது. துணி அலை அடிக்க, எழுத்தெல்லாம் ஆட்டம் போட்டது. பவர் அக்கா ஓடிப்போய் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கடையில் எல்லாவற்றையும் பார்த்தவள் காற்றை மட்டும் நினைக்கவில்லை. அவர்தான் எழுந்தார். தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த பழைய தண்ணீர்க் குழாயை எடுத்துவந்து, விரிப்பின் கீழ் ஓரத்தை அதில் சுற்றி, நாலு கிளிப் போட்டார். துணி விறைத்து நின்றது. "தகடு இழுத்துக் கட்டின கைம்மா இது" என்று மறுபடி உட்கார்ந்தார்.

ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். ஒரு பார்வையில் படித்து, அடுத்த பார்வையில் முகத்தைப் பார்க்க முடிந்தது. அரை மணி நேரம் போயிருக்கும். திடீரென்று அவர் மட்டும் 'பக்'கென்று சிரித்தார். எல்லோரும் என்னவோ ஏதோ என்று திரும்பினார்கள். அப்புறம்தான் திரையில் அந்த ஆள் ஜோக்கைச் சொல்லி முடித்தான். தோட்டமே சிரித்தது.

எழுத்து முழு வசனமாக முன்னாலேயே வந்துவிடுகிறது. பேசுகிறவன் இழுத்து இழுத்துப் பேசுகிறான். மற்றவர்கள் காதால் கேட்பதற்குள் அவர் கண்ணால் படித்துவிடுகிறார்.

நாலாவது தடவை அவர் முந்திக்கொண்டபோது பக்கத்து வீட்டு ஆசிரியை பொறுக்கமாட்டாமல், "சார், கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுச் சிரிங்க! எங்களுக்கும் மிச்சம் வைங்க!" என்று கத்தினாள். அவர் அதை அவள் உதட்டிலிருந்தே படித்துவிட்டு இன்னும் பெரிதாகச் சிரித்தார். பவர் அக்கா அதற்குப் பிறகு திரையைப் பார்த்த ஞாபகமே இல்லை என்கிறாள்.

இப்போது ஞாயிறுதோறும் படம் உண்டு. அடுத்த வாரம் என்ன படம் என்பதில்தான் தினமும் வீட்டில் சண்டை. "இப்பல்லாம் எவ்வளவு நல்ல படம் எடுக்கறாங்க, உனக்குத்தான் தெரியல" என்று அவர் அவளைக் கடிந்துகொள்கிறார்.