உப்புக் கரிக்கும் இலை

இலையை நக்கிப் பார்த்த பிறகுதான் தையல்காரம்மா செடியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். நுனிநாக்கில் உப்புக் கரித்தால் அந்தச் செடி கடற்காற்றில் நின்று பழகியது. கரிக்காவிட்டால், "நிழல்வலைக்குள்ள செல்லமா வளந்த புள்ள, நம்ம வீட்டுக்கு ஆகாது" என்று தொட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்.

"அக்கா, அரளிய மட்டும் நக்கிடாதீங்க. அப்புறம் என்னையத் தூக்கி உள்ள வெச்சுருவாங்க" என்பார் கடற்கரைச் சாலை நர்சரிக்காரர், ஒவ்வொரு முறையும்.

விடுமுறை நாளில் கணவரும் இவரும் பைக்கில் கிளம்பிவிடுவார்கள். கலங்கரை விளக்கத்தை ஒட்டிய பூங்கா, மலையடிவார நர்சரி, கடலைப் பார்த்த விடுதித் தோட்டம் என்று போகாத இடமில்லை. மற்றவர்கள் பூக்களோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இவர் காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போய், முதல் அடியை வாங்குவது எந்தச் செடி என்று பார்ப்பார். இலையை இரண்டு விரலுக்கு நடுவே துணியைப்போல் தேய்ப்பார். புன்னை அவருக்கு ரெக்சின். விடுதி வாசலில் நிற்கும் அகன்ற இலைச் செடியெல்லாம் சாட்டின். "பாக்கத்தான் பளபளப்பு. நகம் பட்டாலே நூல் இழுத்துக்கும்."

ஆனால் சாட்டினைக் கண்டால் இவருக்கே மனசு நிற்காது. நாக்கு சொன்னதைக் கேட்காமல் மலையடிவாரத்திலிருந்து இரண்டு தடவை அந்தச் செடிகளை வாங்கி வந்து, கடலைப் பார்த்த தன் முற்றத்தில் நட்டார். கத்தரி போட்டதுபோல் இலைகள் நார்நாராகக் கிழிந்து தொங்கின.

"இது தோட்டம் இல்ல, செடிங்களுக்கு ஐசியூ" என்றார் கணவர். படகு இஞ்சின் மெக்கானிக். மணல் பறந்து வீட்டுக்குள் வருகிறது, சிமென்ட் போட்டுவிடலாம் என்பது அவர் கட்சி. நியாயம்தான். ஆனால் தையல் மெஷின் அந்த முற்றத்து ஜன்னலைப் பார்த்துத்தான் கிடக்கிறது. நாளெல்லாம் ஊசிமுனையைப் பார்த்த கண், நிமிரும்போது ஒரு பச்சையைத் தேடும். வெயிலில் பளீரென்று அடிக்கும் சிமென்ட் தரையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

போன வாரம் சிமென்ட் மூட்டைகள் முற்றத்தில் வந்து இறங்கிவிட்டன. திங்கட்கிழமை கொத்தனார் வருவதாகப் பேச்சு. ஞாயிறன்று கடற்கரைச் சாலை நர்சரிக்குப் போன தையல்காரம்மா, தொட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே பின்பக்கம் நடந்தார். அங்கே கடலைப் பார்த்து, காற்று தள்ளித் தள்ளி ஒருக்களித்துப்போன நொச்சிப் புதர். இலையைத் திருப்பினார், லைனிங் வைத்துத் தைத்ததுபோல அடியில் சாம்பல் நிறம். நக்கினார். உப்பும் கசப்பும் சேர்ந்து முகம் கோணியது.

"இது எவ்வளவுப்பா?"

"அது விக்கிறதுக்கு இல்லக்கா, என் வேலி. அது இல்லேன்னா இங்க ஒரு தொட்டி நிக்காது."

"வேலி போடாம நான் செடிங்கள விருந்தாளியா கூட்டிட்டு வந்துட்டு இருந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்கக்கா கேட்டீங்க? நக்கிட்டு நக்கிட்டுப் போயிட்டீங்க." சிரித்துக்கொண்டே ஒரு கட்டுக் குச்சிகளை ஒடித்துக் கொடுத்தார். "மணல்ல குத்தி வைங்க. வேர் புடிக்கிற வரைக்கும் காத்த மட்டும் மறைச்சுக்குங்க."

எதை வைத்து மறைப்பது? வீட்டுக்கு வந்து குச்சிகளை வரிசையாக ஊன்றிவிட்டு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஒரு சிமென்ட் மூட்டையின் காதைப் பிடித்துக் கடல் பக்கமாக இழுக்கத் தொடங்கினார்.

"மழ பேஞ்சா கல்லாப் போயிடும்!" கணவர் பதறி ஓடி வந்தார்.

"போகட்டுமே. சுவரு கட்டுன கூலி மிச்சம்."

அவர் இடுப்பில் கை வைத்து நின்றார். குச்சிகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "தள்ளு, இடுப்பு புடிச்சுக்கப் போகுது" என்று மூட்டையைத் தானே தூக்கினார்.

தையல்காரம்மா உள்ளே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். ஜன்னல் வழியே நிமிர்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று கையைக் காட்டினார்.