சூசை அண்ணன் மினுக்கிய டிரான்சிஸ்டர்

சென்ற வாரம் காலையில் சூசை அண்ணன் என் வீட்டு வாசல் படலையடியில் சைக்கிளை நிறுத்தினார். "மாஸ்ரர், பிலோமினா போயிட்டா," என்றார். எதையும் மினுக்காமல் விடாத அவருடைய கட்டைவிரல் அப்போதும் படலைக் கம்பியின் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவி பிலோமினா ரீச்சரும் நானும் அடுத்தடுத்த வகுப்பறைகளில் விஞ்ஞானம் படிப்பித்தோம். டிரான்சிஸ்டர் பாடத்துக்கு ரீச்சர் நிலாவெளி பஸ்ஸைத்தான் உதாரணத்துக்குக் கொண்டுவருவார். "கொண்டக்டர் மணியடிச்சா பஸ் வெளிக்கிடும், திரும்ப அடிச்சா நிக்கும். அவரே பஸ்ஸைத் தள்ளுறார்? தள்ளுறது எஞ்சின். டிரான்சிஸ்டர் சுவிச்சா வேலை செய்யிறது அப்பிடித்தான். டிரைவர் காலைக் கொஞ்சம் அமத்தினா கொஞ்ச வேகம், கூட அமத்தினா கூட வேகம். அது ஒலியைப் பெருக்கிற வேலை. ரெண்டிலயும் சின்ன மின்னோட்டம் சொல்லும், பற்றறியின்ர பெரிய மின்னோட்டம் கேக்கும்."

கிறிஸ்து பிறந்த நத்தாருக்குப் பாடசாலையில் நடந்த ஒரு விழாவுக்கு ரீச்சரே டிரான்சிஸ்டர் வைத்து ஒலிபெருக்கிப் பெட்டி செய்தார். அதில் பாட இருந்த சாம்பல்தீவு மாணவி செல்விக்கு இனிய குரல், ஆனால் மெல்லிய குரல். "பெட்டி வேலை செய்தாத்தான் செல்வி பாடலாம். இல்லாட்டி சத்தமான பிள்ளைக்குக் குடுப்பம்," என்றார் பாடசாலை அதிபர்.

ஒத்திகையன்று, மேடை விளக்கைப் போட்டதும் மூடியில்லாத அந்தப் பெட்டி வண்டுபோல் இரைந்தது. செல்வியின் கண் நிறைந்துவிட்டது. ரீச்சர் பெட்டிக்குள் கையை விட்டார். கையின் நிழல் விழுந்ததும் இரைச்சல் நின்றது. கையை எடுத்தால் மறுபடி இரைந்தது. உள்ளே குனிந்து பார்த்தவர், மேடைச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ, இந்தக் கண்ணாடிக் குமிழில இருந்த கறுப்பு எங்க?"

"நத்தாருக்கு எல்லாம் துடைக்கேக்க அதையும் சுரண்டி மினுக்கினனான். ஊத்தை எண்டு நினைச்சன்."

"நல்ல காலம், என்னைச் சுரண்டேல்ல."

அந்தக் கண்ணாடிக் குமிழ்தான் டிரான்சிஸ்டர்; கறுப்புப் பூச்சு அதற்குள் வெளிச்சம் புகாமல் காப்பது. அது போனதும் மின்விளக்கு வெளிச்சத்தின் கண்ணுக்குத் தெரியாத துடிப்பும் உள்ளே கட்டளை கொடுத்திருக்கிறது; அதுதான் அந்த இரைச்சல். ரீச்சர் செல்வியைப் பார்த்துச் சொன்னார்: "உன்ர குரலும் மணியடிக்குது, வெளிச்சமும் மணியடிக்குது. ரெண்டு கொண்டக்டர் ஏறினா பஸ் என்ன செய்யும், பிள்ளை?" செல்வி சிரித்துவிட்டாள். குமிழில் கறுப்பு நாடாவைச் சுற்றினோம். விழாவில் அவள் பாட்டு கடைசி வாங்கில் இருந்தவர்கள் வரை கேட்டது. முதலில் கைதட்டியவர் சூசை அண்ணன்.

பின்னர் ரீச்சர் அதே டிரான்சிஸ்டரின் நாடாவைக் கழற்றி, வெயில் பட்டதும் அடிக்கும் ஒரு மணி செய்தார். அடக்கம் முடிந்தபின் சூசை அண்ணன் அதை என் கையில் தந்தார். "இதை மட்டும் நான் துடைக்கிறேல்ல, மாஸ்ரர்."

இப்போது அது பாலையூற்றில் என் வீட்டு யன்னலில் இருக்கிறது. காலை வெயில் ஏறுகிறது, மணி அடிக்கிறது, நான் வெளிக்கிடுகிறேன்.