ஒரு மூச்சு அத்தியாயம்

1. டீச்சர் எடுத்த பாரா

தூத்துக்குடியில் டி.டி.பி. கடை வைத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ஷிப்பிங் ஆபீஸ் லெட்டர்ஹெட் என்று விரல் தேய டைப் செய்திருக்கிறேன். முதன்முதலாக ஒரு நாவலை டைப் செய்தது கோமதி டீச்சருக்காகத்தான். தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டையில் கணக்கு டீச்சர். எனக்குப் பிடித்த நாவலாசிரியர் யார் என்று இன்றைக்குக் கேட்டாலும் யோசிக்காமல் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

சங்கு குளிக்கிற ஒரு ஆளின் கதை அது. முதல் நாள் கொண்டுவந்த அத்தியாயத்தில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் போகிறான், சங்கோடு மேலே வருகிறான். நடுவில் ஒரு பாரா: அடிமணலில் வெயில் ஆடுகிறது, மீன் கூட்டம் விலகி வழிவிடுகிறது. டைப் செய்யும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடற்கரை ஊரில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் நனையாதவன் நான்.

அடுத்த வாரம் அதே அத்தியாயத்தைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தார். அந்தப் பாரா இல்லை.

“ஏன் டீச்சர், அந்த நல்ல பாராவக் காணோம்?”

“அது கூடுதலா இருக்கு அண்ணாச்சி. எடுத்துட்டேன்.”

கணக்கு டீச்சருக்கு எல்லாமே கூட்டல் கழித்தல்தானா என்று உள்ளுக்குள் பொருமினேன். பழைய ஃபைலை அழிக்கவில்லை. நாவல் முழுவதையும் லேஅவுட் செய்தபோது என் கை சும்மா இருக்கவில்லை. அந்தப் பாராவை காப்பி செய்து, பழைய இடத்திலேயே பேஸ்ட் செய்துவிட்டேன். அச்சில் பார்த்தால் டீச்சரே சந்தோஷப்படுவார் என்று நினைப்பு. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அப்போது தெரியவில்லை.

2. சேவியர் வந்த நாள்

அன்று மாலை ஐந்து மணிக்குள் சென்னைப் பதிப்பகத்துக்கு பி.டி.எஃப். போக வேண்டும். தவறினால் அந்த வருடம் புத்தகம் வராது. மூன்று மணிக்கு டீச்சர் வந்தார். கூடவே திரேஸ்புரத்து சேவியர். ஐம்பதைத் தாண்டிய சங்கு குளியாள்.

“அனுப்புறதுக்கு முன்னால இன்னொருக்கா இவருக்கு வாசிச்சுக் காட்டணும் அண்ணாச்சி.”

கதையில் எந்த வேலை வருகிறதோ, அந்த வேலை செய்பவரை உட்காரவைத்து வாசிப்பது அவர் வழக்கமாம். எனக்கு அதுவரை தெரியாது. கதை ஆள் கடலில் குதிக்கிற வரி வந்ததும் சேவியர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயை மூடிக்கொண்டார். அவன் மேலே வரும்வரை இவரும் மூச்சு விடமாட்டாராம்.

நான் சேர்த்த பாரா வந்தது. டீச்சரின் குரல் ஒரு நொடி தடுமாறியது; ஆனாலும் வாசிப்பதை நிறுத்தவில்லை. சேவியரின் கழுத்து நரம்பு புடைத்தது. மீன் கூட்டமோ இன்னும் விலகிக்கொண்டே இருந்தது. கடைசியில் புஸ்ஸென்று மூச்சை விட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சர், ஒங்க ஆளு செத்துட்டான்! போன தடவ பொழச்சுதான வந்தான்? யாரு இத உள்ள சொருவுனது?”

டீச்சர் என்னைப் பார்த்தார். சிஸ்டம் தப்பு என்று சொல்ல வாய்வரை வந்தது.

“நாந்தான் டீச்சர். அழகா இருந்துச்சு. மனசு கேக்கல.”

மூன்று வருடம் அவர் எழுதியதில் கேட்காமல் கை வைத்திருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் எழுதிய நோட்டுகளை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“வேற எங்கயும் சேத்திருக்கீங்களா அண்ணாச்சி?”

“இல்ல டீச்சர். எங்க அம்மை சத்தியமா.”

“அப்பம் நீங்களே எடுங்க.”

எடுத்தேன். மறுபடி வாசித்தார். சேவியரோடு நானும் மூச்சை அடக்கிப் பார்த்தேன், பாதியிலேயே முட்டிவிட்டது. கதை ஆளின் தலை தண்ணீருக்கு மேல் வந்த வரியில் சேவியர் மூச்சு விட்டார். “இப்பம் சரி,” என்றார். நாலரைக்கு ஃபைல் போனது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எழுதியவர் எடுத்த வரியை நாம் திரும்ப வைக்கக் கூடாது. அந்தப் பாராவை ரசித்த நான் கரையில் இருந்தேன். கடலுக்குள் இருந்தவனுக்கு மூச்சுதான் வேண்டும்.

அடுத்த நாவலையும் டீச்சர் என்னிடமே கொண்டுவந்தார். அந்த நன்றியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அதில் ஒரு டி.டி.பி. கடைக்காரர் வருகிறார்.

“உக்காருங்க அண்ணாச்சி, வாசிக்கேன். பொய்யாத் தெரிஞ்சா கையத் தூக்குங்க.”

ஒரே ஒரு இடத்தில் தூக்கினேன். கடைக்காரரின் நல்ல மனசைப் பற்றி இரண்டு வரி. கேட்கவே அவ்வளவு இதமாக இருந்தது.

“அந்த ரெண்டு வரிய எடுத்துருங்க டீச்சர்,” என்றேன்.