எழுத்துக்கும் தாலிக்கும் இடையில்

காலை எட்டு ஐம்பத்தைந்து. அந்த அரசு அலுவலகத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முதலில் தெரிந்தது ஒரு கை. நகங்களில் சிவப்புப் பூச்சு. ‘மூடியிருக்கிறது’ என்ற அட்டையைத் திருப்ப வந்த அந்தக் கை, பாதி வழியில் நின்றது. கைக்குரியவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்திருக்க வேண்டும். அட்டையைத் திருப்பாமலே போய்விட்டார்.

“ஒன்பது அடிச்சாத்தான் திருப்புவா” என்றாள் மனைவி. “இஞ்சை எல்லாம் சரியாத்தான் நடக்கும். எங்களுக்கும் சரியா நடக்கும்.”

சிட்னியின் புறநகரான பரமட்டாவில் ஜூலைக் குளிர். அவள் கூறைச் சேலைக்கு அடுத்தபடியாக மதித்த நீலச் சேலையை உடுத்து, அதற்கு மேல் என்னுடைய கோட்டைப் போட்டிருந்தாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் சிட்னிக்கு வந்து ஓராண்டு ஆகியிருக்கவில்லை. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்த நான், இங்கே ஓர் அச்சகத்தில் தாள் அடுக்கினேன். மருத்துவ ஆய்வுகூடப் படிப்பில் டிப்ளோமா பெற்ற அவள், ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட் அடுக்கினாள். இப்போது அருகிலிருந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆய்வுகூட வேலை கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை: டிப்ளோமா அவளுடையதுதான், அது இங்கே செல்லும் என்று இந்த அலுவலகம் ஒரு கடிதம் தர வேண்டும். திங்கட்கிழமை காலை கடிதத்தோடு வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அன்று வியாழன்.

கவுண்டரில் இருந்தவர் இளைஞர். காதோரம் நீண்ட கிருதா, அகலமான டை. மூன்று கடதாசிகளை வரிசையாக வைத்தார்: கலியாணப் பதிவுச் சான்றிதழ், டிப்ளோமா, அவள் கைப்பட நிரப்பிய விண்ணப்பம்.

“இந்தச் சான்றிதழின்படி நீங்கள் பெப்ரவரியில் திருமணம் செய்திருக்கிறீர்கள்.”

“ஆமாம்” என்றாள் ஆங்கிலத்தில்.

“விண்ணப்பத்தில் செப்டம்பர் என்று எழுதியிருக்கிறீர்கள்.”

“அதுவும் சரி.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இந்த டிப்ளோமா மே மாதம் ஒரு மிஸ்ஸுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பெயரும் வேறு. பெப்ரவரியில் கல்யாணமான பெண் மே மாதத்தில் மிஸ்ஸாக இருக்க முடியாது. அந்த மிஸ் யார்?”

“நான்தான்.”

அவர் கடுமையானவர் அல்லர். குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டு, “உங்களுக்கு அக்கா தங்கை யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டார்.

“இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்” என்றாள் அவள், ஒளிக்காமல். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் இரண்டு தடவையாக நடக்கும். முதலில் எழுத்து. பதிவாளர் பெண் வீட்டுக்கு வருவார். இருவரும் கையெழுத்து வைப்பார்கள், சாட்சிகளும் வைப்பார்கள், கேக்கும் தேநீரும் வரும். சட்டத்துக்கு அந்த நிமிடமே அவர்கள் கணவன் மனைவி. வேறு யாருக்கும் அப்படியில்லை. மாப்பிள்ளை தன் வீட்டுக்குப் போய்விடுவார். பெண் தகப்பன் வீட்டில், தகப்பன் பெயரோடு, மிஸ்ஸாகவே இருப்பாள். தாலி ஏறிய பிறகுதான் தகப்பன் பெயர் போய்ப் புருஷன் பெயர் வந்து சேரும். ஆஸ்திரேலிய விசாவுக்குப் பதிவுச் சான்றிதழ் தேவைப்பட்டதால் எங்கள் எழுத்தைப் பெப்ரவரியிலேயே முடித்தார்கள். தாலிக்கு நல்ல நாள் செப்டம்பரில்தான் வந்தது. இடையில் மே மாதம் அவளுக்கு டிப்ளோமா கொடுத்தார்கள்.

இதை நான் விளக்கினேன். இளைஞர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த மாதங்களில் அவளை நேரில் அறிந்த ஒருவர் வந்து சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைத்தால் போதும் என்றார். கணவர் வைக்க முடியாது. எங்களை அப்போது அறிந்தவர்கள் எல்லோரும் இலங்கையில் இருந்தார்கள்.

திரும்பும் ரயிலில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்கள் பேப்பரிலை திகதி சரி பாக்கிற வேலைதானே செய்தனீங்கள்?”

“ஓம்.”

“நான் விண்ணப்பம் நிரப்பேக்கை பக்கத்துக் கதிரையிலைதானே இருந்தனீங்கள்?”

“இருந்தனான். எனக்கும் செப்டம்பர்தான் சரியெண்டு பட்டது. நீர் கலியாணத் திகதியெண்டு வேறை எதை எழுதுவீர்?”

அவள் சிரித்துவிட்டாள். “அப்ப சரி. பிழை இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. பிஸ்கட் மட்டும் எனக்கு முழுசு.”

அன்று மாலை கீழ் வீட்டு மதுரைக்காரர் இரவல் வாங்கிய குக்கரைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கதையைக் கேட்டதும் குக்கரைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

“தாலி கட்டுற வரைக்கும் பொண்ணு மிஸ்ஸுதானே சார்? இதுல அவங்களுக்கு என்ன சந்தேகம்?”

“அண்ணை, நீங்கள் வந்து அதை அவங்களுக்குச் சொல்லுங்கோவன்” என்றாள் மனைவி.

“நான் சொன்னா கேப்பாங்களாம்மா? பேசாம உங்க கல்யாண ஆல்பத்தைத் தூக்கிட்டுப் போங்க. ஆல்பத்தைத் தொறந்துட்டா எவனும் தப்பிக்க முடியாது. எனக்கு மூணு தடவை காட்டினீங்களே, நான் தப்பிச்சேனா?”

“மூண்டாம் தரம் நீங்களாத்தான் கேட்டனீங்கள்.”

“வடை வச்சிருந்தீங்க. அதான் கேட்டேன்.”

அந்த அல்பத்தின் மீது எனக்குப் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. கொழும்பில் பெட்டி கட்டியபோது நிறை கூடிவிட்டது. அல்பத்தை விட்டுவிட்டு வரலாம் என்றேன். அவள் தலையாட்டினாள். சிட்னியில் பெட்டியைத் திறந்தபோது அல்பம் இருந்தது. நான் எழுதிய கட்டுரைகளின் நறுக்குகள் அடங்கிய கட்டுத்தான் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அதைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனோம். பொதியைப் பார்த்ததும் இளைஞர் உள்ளே போய்த் தம் மேலதிகாரியை அழைத்து வந்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. நகங்களில் சிவப்புப் பூச்சு. அவருடைய ஆங்கிலத்தில் இத்தாலிய வாடை இருந்தது.

அவர் அல்பத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தார். மனைவி கையை நீட்டி முதல் பக்கத்துக்குக் கொண்டுபோனாள். எழுத்துப் படம்: மேசை, பதிவாளர், இரண்டு மாமாமார், எதிரெதிர்க் கதிரைகளில் நாங்கள். அவள் கழுத்தில் மெல்லிய சங்கிலி மட்டும். அடுத்த பக்கத்தில் அவள் கையில் டிப்ளோமாவுடன், படித்த இடத்தின் வாசலில், அதே எழுத்துச் சேலையில். அதற்கடுத்த பக்கங்களில் மணவறை, தாலி, மாலை, சாப்பாட்டுப் பந்தி.

“முகம் ஒன்றுதான்” என்றார் மேலதிகாரி.

“சகோதரிகளும் ஒரே மாதிரி இருப்பார்கள்” என்றார் இளைஞர், தயக்கத்தோடு.

டிப்ளோமாப் படத்தின் பின்புறம் ஸ்டூடியோ முத்திரை இருக்கலாம் என்று மேலதிகாரி அதை மூலைகளிலிருந்து மெதுவாகக் கழற்றினார். முத்திரை இருந்தது. மாதமும் ஆண்டும் இருந்தன. படத்தைத் திருப்பியவர், அதன் இடது ஓரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இடம் போதாமல் மனைவி வேறொரு படத்தை அதன்மேல் ஏற்றி ஒட்டியிருந்தாள். அந்த ஓரம் இதுவரை மறைந்திருந்தது. அதில் தெருவுக்கு அப்பால் விளக்குக் கம்பத்தடியில் ஓர் ஆள் நின்றான். கட்டம் போட்ட சட்டை, கையில் விரித்த செய்தித்தாள். கண் செய்தித்தாளில் இல்லை.

மேலதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மனைவியும் குனிந்து பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ” என்றாள், நிமிராமல். “அண்டைக்கு நீங்கள் வந்தனீங்களே?”

“பேப்பர் வாங்கப் போனனான்.”

“பேப்பர்க் கந்தோரிலை வேலை செய்த ஆள், ரோட்டிலை போய்ப் பேப்பர் வாங்கினவராம்.”

“உம்மட அப்பாவும் அங்கை நிண்டவர். கிட்ட வரேலாது.”

“ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“நீர் கேக்கேல்லை.”

என்ன பேசுகிறோம் என்று மேலதிகாரி கேட்டார். எழுத்து முடிந்தாலும் தாலி கட்டும்வரை மாப்பிள்ளை பெண்ணோடு வெளியில் போகக் கூடாது, இவர் திருட்டுத்தனமாக வந்து நின்றிருக்கிறார் என்று மனைவி ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் சிவந்திருந்தது. குளிர் காரணமல்ல, உள்ளே ஹீட்டர் ஓடியது.

மேலதிகாரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம் கலியாணம் இத்தாலியில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் நடந்ததாகச் சொன்னார். மாப்பிள்ளை அப்போது குவீன்ஸ்லாந்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக அவருடைய தம்பி நின்று மோதிரம் போட்டார். கப்பலில் இடம் கிடைக்கப் பல மாதங்கள் ஆயின.

“அந்த மாதங்களில் நான் மனைவி என்று தேவாலயம் சொன்னது. என் அம்மா மட்டும் வழக்கம்போல ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க என்னைத்தான் அனுப்பினாள்.”

“எந்த நாளை நீங்கள் கொண்டாடுகிறீர்கள்?” என்று இளைஞர் கேட்டார். இத்தனை நாளும் ஒரே அறையில் வேலை செய்தும் அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

“கப்பல் வந்த நாளை. கேக் இரண்டு நாளும் உண்டு.” பிறகு அவர் என் பக்கம் விரலைக் காட்டினார். “மே மாதத்தில் அந்த மிஸ்ஸை அறிந்த ஒருவர் வேண்டும் என்றாயே. இதோ நிற்கிறார், படத்தோடு.”

“இவர் கணவர். கணவர் கையெழுத்து வைக்க முடியாது.”

“மே மாதத்திலேயே கணவரா?”

“சட்டப்படி, ஆம். பெப்ரவரியில் பதிவு நடந்திருக்கிறது.”

“அப்படியானால் டிப்ளோமாவோடு நிற்கிற மிஸ்ஸைத் தெரு ஓரத்திலிருந்து இப்படிப் பார்ப்பவர், அவளுடைய கணவர். இந்த அம்மாவுடைய கணவரும் இவர்தான். பெண் ஒருத்தியா, இருவரா?”

இளைஞர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். “இவர் தங்கையை இப்படிப் பார்த்திருந்தால் வேறு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்” என்றார். நாங்கள் நால்வரும் சிரித்தோம். வரிசையில் நின்ற ஒரு முதியவர், என்னவென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

கடிதத்தை மேலதிகாரியே தட்டச்சு செய்தார். திருமண நாள் என்ற இடத்தில் விரலை நிறுத்தி, எதைப் போடுவது என்று கேட்டார். இரண்டையும் போடச் சொன்னாள் மனைவி. அவர் இரண்டையும் போட்டு முத்திரை குத்தினார். அதற்குள் முதியவர் அல்பத்தில் சாப்பாட்டுப் பந்திவரை வந்துவிட்டார். அவர் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தோம்.

ரயிலில் அவள் அல்பத்தை என் மடியில் வைத்தாள். கழற்றிய படம் அவள் கைப்பைக்குள் இருந்தது. பரமட்டாவிலிருந்து வீடுவரை அதை நாலைந்து தரம் வெளியே எடுத்தாள்.

“அந்தக் கட்டம் போட்ட சேட்டு எங்கை?”

“கொழும்பிலை விட்டிட்டன். உம்மட அல்பத்துக்கு இடம் வேணுமெண்டு.”

திங்கட்கிழமை காலை, “போயிட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு, அவள் ஏழு பத்து பஸ்ஸில் வேலைக்குப் போனாள்.