எண்ணாமல் விட்ட துளைகள்

முதுகுவலிக்காக எடுத்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து எண்ணினேன். நான்குதான் இருந்தன. ஸ்கேன் மையத்தில் படம் எடுத்த பெண் சொன்னபோது நான் நம்பவில்லை. படூரில் என் மகன் குடியிருக்கும் ஏழாவது மாடி வீட்டுக்குத் திரும்பி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாக மூன்று முறையும் கீழிருந்து மேலாக இரண்டு முறையும் எண்ணிவிட்டேன். மனிதனுக்கு இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் என்று இருபத்தேழு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். என் இடுப்பில் நான்கு. ஐந்தாவது, முதுகுத்தண்டின் அடியிலுள்ள முக்கோண எலும்போடு பிறவியிலேயே ஒட்டிப்போய்விட்டதாம். "நெறைய பேருக்கு இப்படி இருக்கும் சார். ஒரு தப்பும் இல்ல," என்றாள் அந்தப் பெண். ஒரு தப்பும் இல்லை என்ற அந்த வார்த்தையைத் தாங்க முடியாமல் படத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் பள்ளி அட்டெண்டர் நினைவுக்கு வந்திருந்தார்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் இருந்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு விலங்கியல் ஆசிரியராக நான் மாற்றலாகி வந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட அட்டெண்டர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். சதுரங்கப்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வருவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் கதிர் அறுத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் அரசாங்க வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அவர். பாடம் நான் நடத்தினாலும் பிள்ளைகள் காத்திருந்தது அவர் வரும் செய்முறை வகுப்புக்குத்தான். கஞ்சித் தண்ணீரில் அயோடின் விட்டு நீலமாக்கிக் காட்டுவார். இன்னொரு சோதனைக் குழாயில் கஞ்சியோடு எச்சிலைக் கலந்து கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அயோடின் விட்டால் நீலம் வராது. எச்சிலிலுள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிட்டிருக்கும். "துப்புனா மார்க் குடுக்குற எடம் ஊர்லயே இது ஒண்ணுதான்டா. நல்லா துப்பு," என்பார். கோழிக்கால் எலும்பை நீர்த்த அமிலத்தில் ஊறவைப்பார். எலும்பைக் கடினமாக்கும் சுண்ணாம்பு உப்பெல்லாம் சில நாளில் கரைந்துபோக, மிச்சமிருக்கும் புரதம் ரப்பர்போல வளையும். அதை முடிச்சுப் போட்டுப் பிள்ளைகள் கையில் கொடுப்பார். இன்னொரு எலும்பைத் தணலில் சுடுவார். புரதம் எரிந்துவிட்ட அது பார்வைக்கு முழுசாக இருக்கும், விரல் பட்டால் உதிரும்.

ஆய்வகத்தில் ஒரு மனித எலும்புக்கூடு இருந்தது. உண்மையான எலும்பு. கோத்திருந்த கம்பி கடற்காற்றில் துருப்பிடித்து அறுந்துவிட்டதால் ஒரு மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்கள். இருப்புப் பதிவேட்டில் 'மனித எலும்புக்கூடு, முழுமையானது, ஒன்று' என்று இருக்க, எனக்கு முன்பிருந்த ஆறு ஆசிரியர்களும் வருடா வருடம் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். எண்ணாமல் கையெழுத்துப் போடுவது எனக்கு ஆகாது. மேசையில் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கழுத்தில் ஏழு, மார்பில் பன்னிரண்டு, இடுப்பில் நான்கு. ஒன்று குறைந்தது.

அட்டெண்டரைக் கேட்டேன். அவர் பதறவில்லை. "அந்தாளுக்கு அவ்ளோதான் சார். கொறையல. கீழ கீற முக்கோணத்தோட ஒட்டிக்கினு கீது. நான் வாரா வாரம் துடைக்கிறவன், எனக்குத் தெரியும். மத்த படத்துல எல்லாம் அதுல நாலு ஜோடி ஓட்ட போட்டுக்குது. இதுல அஞ்சு ஜோடி கீது. ஓட்டய எண்ணிப் பாருங்க சார்," என்றார். அந்த எலும்பை எடுத்து என் பக்கம் நீட்டவும் செய்தார். நான் வாங்கவில்லை. "புத்தகத்தில் ஐந்து என்று இருக்கிறது," என்றேன். இன்னோர் ஆசிரியர் சொல்லியிருந்தால் வாங்கி எண்ணியிருப்பேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு எழுபத்து மூன்று வயதாக வேண்டியிருந்தது.

'ஒரு முள்ளெலும்பு காணவில்லை' என்று பதிவேட்டில் எழுதினேன். திருடியதாக நான் எழுதவில்லை. அந்தச் சமாதானத்தில்தான் இவ்வளவு காலமும் இருந்தேன். தலைமையாசிரியருக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. "வருஷா வருஷம் எலும்பை ஆசிட்ல போடுறவன்தானே? இதையும் கரைச்சிருப்பான்," என்றார். ஆசிரியர் அறையில் ஒருவர் அட்டெண்டரைப் பார்த்து, "டேய், எந்த மந்திரவாதிகிட்ட குடுத்தே? உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே," என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். நான்கு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் எதுவும் சொல்லவும் இல்லை. அந்த ஆண்டுதான் இளநிலை உதவியாளர் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. அதற்காகவே பத்தாம் வகுப்பைத் தனியாகப் படித்து மூன்றாம் முறையில் தேறியிருந்தார். விசாரணை நிலுவையில் இருப்பதாகச் சொல்லி அவரைத் தாண்டிப் பட்டியல் போய்விட்டது. ஐந்து ஆண்டுகள் இழுத்த விசாரணை 'எச்சரிக்கை' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்தது. அவர் அட்டெண்டராகவே ஓய்வு பெற்றார். அதற்குப் பின் அவர் அமிலத்தில் எலும்பு ஊறவைக்கவே இல்லை. நான் கேட்டபோது அமிலப் புட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "எவ்ளோ கீதுன்னு அளந்து எழுதிக்குங்க சார், அப்புறம் நீங்களே ஊத்துங்க," என்றார்.

படம் எடுத்த மூன்றாம் நாள் பஸ் ஏறிச் சதுரங்கப்பட்டினம் போனேன். இடிந்த கோட்டைக்குப் பின்னால் உள்ள தெருவில், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "நைனா, யாரோ சார் வந்துக்கிறாரு," என்றாள் மகள். அவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னா சார், இவ்ளோ தூரம்?" என்றார். பஸ்ஸில் பதினோரு வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டுப் படத்தை நீட்டினேன். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நான்கில் நகம் நின்றது.

"யாரோடது?"

"என்னோடது."

"இத்த எவன் சார் எடுத்துக்கினு போனான்?" என்றார். மகள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள்.

பிழை என்னுடையது என்று அலுவலகத்துக்கு எழுதித் தருகிறேன் என்றேன். "யாருக்கு எழுதுவீங்க? அந்த எச்.எம். போய்ச் சேந்துட்டாரு. அந்தப் பெட்டியும் இல்ல, பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கி மாட்டிக்கினாங்களாம். என் ஃபைல கரையான் தின்னுக்கும்." குரலை உயர்த்தாமலே சொன்னார். "ஓட்டய எண்ணுங்கன்னு சொன்னேன் சார். கையில எடுத்துக் குடுத்தேன். எம்மாம் நேரம் ஆவும் அதுக்கு?"

மகள் கொண்டுவந்த டீயைக் குடித்தேன். புறப்படும்போது படத்தை நாற்காலியில் மறந்துவிட்டேன். கூப்பிட்டு, உறையில் போட்டுக் கையில் கொடுத்தார். "உங்க சாமான நீங்களே வெச்சிக்குங்க சார். ஒண்ணு கொறஞ்சா என்னத்தான் கேப்பாங்க."

இப்போது அந்தப் படம் என் அறை ஜன்னலில் சாய்ந்திருக்கிறது. மருமகள் அதை எடுத்து உள்ளே வைக்கச் சொல்கிறாள். காலையில் வெளிச்சம் விழும்போது அடியிலுள்ள முக்கோண எலும்பில் துளைகள் மங்கலாகத் தெரிகின்றன. இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு விநாடி ஆகிறது.