ராசாங்கம் சுழி எடுக்கிறார்

ராசாங்கம் தரையில் குந்தி, இடது கண்ணை இறுக மூடி, கன்னத்தைக் காரின் கதவோடு ஒட்டினாற்போல் வைத்து, வலது கண்ணால் அதன் நீளத்தைப் பார்க்கிறார். வெயில் நகர நகர அவரும் காரைச் சுற்றி நகர்கிறார். எட்டரைக்கு முன்கதவு, ஒன்பதுக்குப் பின்கதவு, பத்துக்கு டிக்கி. தேடுவது சுழியை. கருப்புப் பெயிண்டில் வெயில் விழும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய வட்டக் கீறல்கள் தெரியுமே, அதற்கு அவர் வைத்த பெயர் அது. ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் முகத்தில் நிம்மதி வருகிறது. இன்றைக்கு வேலை இருக்கிறது.

"கருப்பு பச்சப்புள்ள மாதிரி சார். பாத்தாலே கீறிக்கும்" என்பார். பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் அந்தக் கார் பயன்பட்டு நான் கண்டதில்லை. அவருக்கு எதிர் வீட்டில்தான் நான் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறேன்.

பெரம்பலூரில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார் எரிந்தால் குன்னத்திலிருந்தும் பூலாம்பாடியிலிருந்தும் அவரிடம்தான் தூக்கி வருவார்கள். அவர் கட்டிய காயில் லேசில் எரியாது. அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பெயரோடு நிறுத்தியிருக்கலாம். நான்கு வருஷத்துக்கு முன் திருச்சியில் ஒரு டாக்டர் விற்ற பழைய அம்பாசடரை வாங்கினார். டாக்டர் அதற்கு எங்கோ மலிவாகக் கருப்பு அடித்திருந்தார். நகம் பட்டால் கோடு விழும். துடைத்தால் துணியின் தடம் விழும். அவ்வளவு மெத்தென்ற பெயிண்ட். ராசாங்கம் கொஞ்ச நாள் கையால் தேய்த்தார். பிறகு மெஷின் செய்தார்.

பழைய டிரில் ஒன்று, அதன் மூக்கில் வட்டப் பலகை, பலகையின்மேல் செம்மறித் தோல். தோலை அளவாக வெட்டித் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி மருதாயி. எதற்கென்று அப்போது தெரியாது என்று இன்றைக்கும் சொல்கிறார். மெருகேற்றும் பசையான காம்பவுண்டைப் பூசி ஸ்விட்சைப் போட்டதும் தெருவில் ஏழு வீட்டு டியூப் லைட் கண் சிமிட்டும். என் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் வறுபடத் தொடங்குவார். கையால் தேய்த்து விழுந்த சுழியை மெஷின் எடுத்துவிடும். எடுத்த இடத்தில் தன் சுழியைப் போட்டுவிடும். மறுநாள் காலை அதைத் தேடிக்கொண்டு அவர் குந்துவார்.

தேய்த்து முடித்து வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கருப்பாகும். அதைக் கொடி மாதிரி விரித்துக் காட்டி, எவ்வளவு அழுக்கு என்று பார்க்கச் சொல்வார். அரியலூரிலிருந்து வேறு வேலையாக வந்த பெயிண்டர் கருப்பண்ணன், அது அழுக்கில்லை, பெயிண்ட்தான் வருகிறது, இப்படியே தேய்த்தால் மிச்சம் இருக்காது என்று மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். ராசாங்கம் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இவனுக்கு ஒரு காயில் கட்டத் தெரியுமா, கேளுங்க."

குன்னத்து மாயவன் எரிந்த மோட்டாரைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். அங்கே வயலில் தண்ணீரில்லாமல் சின்ன வெங்காயம் தலை சாய்ந்துகொண்டிருந்தது. காயிலில் பூசிய வார்னிஷ் காய வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தது. மூன்றாம் நாள் வீடு தேடி வந்து, காய்வது காரில் பூசிய மெழுகு என்பதைக் கண்ணால் கண்டார். மோட்டாரைச் சைக்கிளில் கட்டி வேறு கடைக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு குன்னத்துக்காரர்கள் வருவது குறைந்தது. ராசாங்கத்துக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. காலை நேரம் மிச்சம் என்றார்.

போன வைகாசியில் அவர் மகள் வேம்புவைப் பெண் பார்க்க ஆண்டிமடத்திலிருந்து வருவதாக இருந்தது. பையன் மின்வாரியத்தில் வேலை. அவன் அப்பா வெள்ளைச்சாமி முந்திரித் தோப்புக்காரர். மருதாயி பலகாரத்துக்கு மாவு அரைத்தார், வீட்டுக்கு வெள்ளையடித்தார். ராசாங்கம் மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு மெஷினும் கையுமாக நின்றார். மாப்பிள்ளை வீட்டார் முதலில் பார்க்கப்போவது காரைத்தான் என்பது அவர் கணக்கு.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் மாலை பானெட்டின் முன்விளிம்பில் ஒரு சுழி. கரண்ட் குறைவு என்று மெஷினை அழுத்திப் பிடித்திருந்தார். அந்த நேரம் பார்த்து வயக்காட்டு மோட்டார்கள் நின்று வோல்டேஜ் ஏறிவிட்டது. வெளியூர்க் கிணறுகளின் கரண்ட் வரத்தையெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பவர் இதை மறந்துவிட்டார். மெஷின் ஒரு கத்துக் கத்தியது. தூக்கிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பைக் காணோம். அடியில் பூசியிருந்த செம்மண் நிறப் பிரைமர் பல்லிளித்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. பிறகு எழுந்துபோய் ஒரு டப்பி கருப்பு ஷூ பாலிஷ் வாங்கி வந்தார். என் பாவம் அதோடு தீர்ந்தது.

மறுநாள் அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ராகு காலம் கழியட்டும் என்று ஆண்கள் வாசலில் நின்றார்கள். வைகாசி வெயிலில் பானெட் தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடந்தது. ராசாங்கம் காரின் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டுக் கேட்டுக் கால் வலித்ததோ என்னவோ, வெள்ளைச்சாமி முன்விளிம்பில் லேசாகச் சாய்ந்தார். சூடு பட்டு நிமிர்ந்தபோது அவருடைய சலவை வேட்டியின் பின்புறம் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு.

எல்லோரும் வேட்டியைப் பார்த்தார்கள். ராசாங்கம் மட்டும் பானெட்டைப் பார்த்தார்.

"அடடா, செவப்பு தெரியுதே" என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த வேம்பு, அலங்காரம் பாதியில் நிற்க வெளியே வந்தாள். அவள் கையில் துவைத்து மடித்த வேட்டி ஒன்று இருந்தது.

"உள்ள வந்து இத மாத்திக்கங்க மாமா. அத நான் மண்ணெண்ணெய் போட்டு அலசிக் குடுத்தர்றேன்" என்றாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு உதட்டில் தெரிந்தது. வெள்ளைச்சாமி அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அவரும் சிரித்துவிட்டார். பெண் பார்க்கிற சடங்கு அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பத்து நாளில் பதில் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, நகை, சீர் எதற்கும் பேச்சில்லை. ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணத்துக்கு அந்தக் கார் வரக்கூடாது. வெள்ளைச்சாமி வேடிக்கையாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா தெரியாது. ராசாங்கம் இரண்டு நாள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். காரை வேண்டாம் என்பதும் தன்னை வேண்டாம் என்பதும் ஒன்றுதான் என்று என்னிடம் வாதாடினார். சம்பந்தத்தையே விட்டுவிடலாமா என்றுகூட அவர் யோசித்தது வேம்புவின் காதிலும் விழுந்தது. அவள் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. மருதாயி முறத்தைக் கீழே வைத்தார்.

"காரத்தான வேணாங்கிறாங்க. ஒங்கள வேணாமுன்னு சொல்லல. அந்தமட்டுக்குச் சந்தோசப்படுங்க."

முப்பது வருஷத்தில் அந்த அம்மாள் அவரிடம் சொன்ன மிக நீண்ட பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அன்று மாலை அவர் சாப்பிட்டார்.

ஆவணியில் அரியலூரில் கல்யாணம். சொந்தக் கார் வைத்திருந்தவர் மகள் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனார். நானும் அதே பஸ்ஸில் போனேன். வழி நெடுக ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, எதிரே வந்த கார்களை நிறம் நிறமாக எனக்குக் குறை சொல்லிக்கொண்டு வந்தார். முகூர்த்தத்தில் தாரை வார்க்கும்போது மருதாயி அழுதார், அவர் அழவில்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் ஆண்டிமடம் புறப்பட வாடகைக் கார் வந்து நின்றது. வெள்ளைக் கார், முழங்கால் உயரத்துக்குச் செம்மண் அப்பியிருந்தது. வேம்பு உள்ளே உட்கார்ந்து, ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டிக் கதவின்மேல் வைத்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல். அவள் தேம்பத் தேம்ப அவை பெயிண்டில் உரசின.

ராசாங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனார். ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் வழிவிட்டோம். மகளின் மணிக்கட்டைப் பிடித்து, வளையல் பெயிண்டில் படாமல் மெல்லத் தூக்கினார். டிரைவர் வண்டியை எடுத்தார். ராசாங்கம் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே, விடாமல், காரோடு கூட நடந்தார்.